முறை வச்சுப் பொழைக்கிற கரை

பாம்பன் ரோட்டுப் பாலத்துல வண்டிய நிறுத்தி செல்ஃபி எடுக்குறவங்க எல்லாரும் ரயில் பாலத்தப் பாத்துதான் நிப்பாங்க. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தொறந்ததுல இருந்து கூட்டம் இன்னும் ஜாஸ்தி, நடுவுல இருக்குற 72.5 மீட்டர் துண்டு நேரா மேல ஏறுறத போன்ல புடிக்காம யாரும் எடத்த விட்டு நகர மாட்டாங்க. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா ரோட்டக் கடந்து அந்தப் பக்கச் சுவர்கிட்டயும் போயி ஒரு நிமிசம் நின்னு பாருங்கன்னு ஊருக்கு வர்ற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன், ஏன்னா இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் வேற கடல்.

மார்கழில வந்தீங்கன்னா வடக்குப் பக்கம் கலங்கிப் போயி மண்ணு நெறத்துல மோதிக்கிட்டு கெடக்கும், தெக்குப் பக்கம் பச்சையா அசையாம கெடக்கும். ஆடி மாசம் வந்தா அப்படியே தலைகீழ். மேப்புல பாக் விரிகுடா, மன்னார் வளைகுடான்னு போட்டுருப்பாங்க, எங்களுக்கு வடகடல், தென்கடல், அவ்வளவுதான். வடகடல் ஆழமில்லாதது, பெரும்பாலும் பத்துப் பதினஞ்சு மீட்டருக்குள்ள அடங்கிரும், தரையெல்லாம் சேறு, மணல், கடல்புல்லு. தென்கடல் அப்படி இல்ல, பாறையும் பவளமுமா இருக்கும், தூத்துக்குடி வரைக்கும் வரிசையா 21 தீவு (அதுல ரெண்டு முங்கிப் போச்சு), அதைத் தாண்டுனா ஆழம் எறங்கிக்கிட்டே போகும். தமிழ்நாட்டுக் கடற்கரை மொத்தம் 1,076 கிலோமீட்டர், அதுல கிட்டத்தட்ட 237 எங்க ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மட்டும். வடக்க எஸ்.பி.பட்டினம், தொண்டி, தேவிபட்டினம்னு எறங்கி வந்து, மண்டபம், ராமேஸ்வரம்னு கடலுக்குள்ள ஒரு மூக்க நீட்டி, திரும்பி பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம்னு தெக்க போகுது. தமிழ்நாட்டுல வேற எந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு நீளக் கரை இல்ல. அப்படி இருந்தும் இந்த மாவட்டம்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது வறட்சிதான், "ராம்நாட்டுக்குத் தூக்கி அடிச்சிருவேன்"னு மேலதிகாரி மெரட்டுறது இன்னமும் ஜோக்கா ஓடிக்கிட்டு இருக்கு.

எங்க அம்மா ஊர் பாம்பன். அப்பா ஊர் உத்தரகோசமங்கை பக்கம், நெல்லும் மிளகாயும் போடுற ஊர். கடக்கரைப் புள்ளையும் காட்டுக்காரப் பையனும் எப்படி சேந்தாங்கங்கிறது தனிக் கதை, ரெண்டு வீட்டுலயும் பல வருசம் பேச்சுவார்த்தை இல்ல, அத இன்னொரு நாள் எழுதுறேன். ரெண்டு பக்கமும் மாறி மாறி வளந்ததுல எனக்குப் புரிஞ்சது என்னன்னா, இங்க யாரும் எடத்தப் பங்கு போட்டுக்கிட்டு பொழைக்கல, நாளத்தான் பங்கு போட்டுக்கிட்டு பொழைக்கிறாங்க. எதுவுமே நெறைய கெடையாது, தண்ணி, மீன், பாசி, மழை எல்லாமே கொஞ்சம், அதனால உனக்கு இத்தன நாள், எனக்கு இத்தன நாள். வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இது சோம்பேறித்தனமாவும் வேலையில்லாத் திண்டாட்டமாவும் தெரியும். புள்ளிவிவரம் எடுக்க வர்றவங்க "என்ன தொழில்?"னு கேட்டா எங்க ஆளுங்க பதிலுக்கு "எந்த மாசம்?"னு கேக்கணும், பாவம் அவங்க ஃபார்ம்ல ஒரு கட்டம்தான் இருக்கு.

மொதல்ல காத்து. ஐப்பசியில இருந்து தை, மாசி வரைக்கும் வடகிழக்குல இருந்து அடிக்கிறது வாடை. வைகாசி வாக்குல தொடங்கி புரட்டாசி வரைக்கும் தென்மேற்குல இருந்து அடிக்கிறது கச்சான். வாடை அடிக்கிறப்ப வடகடலுக்குத் தடுப்பே கெடையாது, நேரா வந்து மோதும், ஆனா பாம்பன் தீவும் மண்டபம் நிலமும் குறுக்க நிக்கிறதால தென்கடல் கரையோரம் அமைதியா இருக்கும். கச்சான்ல இது மாறிரும். அதனால நாட்டுப்படகு வச்சிருக்குறவுக வருசத்துக்கு ரெண்டு தடவ கடல் மாறுவாக. எங்க மாமா படகு ஐப்பசி கடைசியில தெக்க போயிரும், சித்திரை கழிஞ்சு வடக்க திரும்பும். சின்னப் படகெல்லாம் பாலத்துக்கு அடியிலயே நுழைஞ்சு போயிரலாம், ஆனா நெனச்ச நேரத்துல முடியாது, அந்த எடத்துல பாறையும் உண்டு, நீரோட்டமும் ஆத்து வெள்ளம் கெட்டுச்சு போங்கங்கிற வேகத்துல இழுக்கும், ஓட்டம் அடங்குற நேரம் பாத்துத்தான் எறங்கணும். பெரிய படகுகளும் சரக்கு மிதவையும் பாலம் தூக்குற வரைக்கும் நங்கூரம் போட்டு காத்துக் கெடக்கும். 1914ல தொறந்த பழைய பாலத்துல ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கையாலயே திருகித்தான் தூக்குவாங்க, சின்ன வயசுல எனக்கு ரயில விட அதுதான் வேடிக்கை. இப்ப மோட்டார்.

கடல் மாறுனா வலையும் மாறும், மீனும் மாறும். நண்டு வலைக்கு ஒரு மாசம், முரலுக்கு ஒரு மாசம், கணவாய்க்கு ஒரு மாசம். தனுஷ்கோடியில கரைவலை இழுக்குறவுக தீவோட ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு குடிசையோட எடம் மாறிப் போவாக, நடுவுல மணல் ரொம்ப அகலம் இல்ல. 1964 டிசம்பர் புயல்ல ரயிலோட ஊரே போனதுக்கு அப்புறம் அரசாங்கம் அத மனுசர் வாழத் தகுதியில்லாத எடம்னு சொல்லிருச்சு, ஆனா மீன் அந்த அறிவிப்பப் படிக்கல, அதனால இவுகளும் போகல.

வருசத்துக்குள்ள இப்படின்னா வாரத்துக்குள்ள இன்னொரு பங்கு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுக்கு திங்கள், புதன், சனி. மத்த நாள் நாட்டுப்படகுக்கு. தொண்ணூறுகள்ல ரெண்டு தரப்பும் வலை அறுந்து சண்டை போட்டு, அதுக்கப்புறம் பேசி முடிச்ச ஏற்பாடு இது. வடகடல் மாதிரி ஆழமில்லாத எடத்துல இழுவை மடி (விசைப்படகு கடல் தரையோட இழுத்துட்டுப் போற வலை) போட்டா அடியில இருக்குற புல்லு, குஞ்சு, முட்டை எல்லாத்தையும் வழிச்சுக்கிட்டு வந்துரும், நாட்டுப்படகுக்காரன் போட்டு வச்ச நண்டு வலையும் சேந்து போயிரும், அதனால ஒரே நாள்ல ரெண்டு பேரும் கடல்ல இருக்க முடியாது. இது போக ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் வரிசையா கரையில ஏறி பெயிண்ட் வாடை அடிச்சுக்கிட்டு நிக்கும். அந்த ரெண்டு மாசந்தான் எங்க மாமா மாதிரி ஆளுகளுக்கு நிம்மதி, மீனுக்கு வெலையும் கெடைக்கும், வலையும் முழுசா திரும்பி வரும்.

எல்லை தாண்டுற பிரச்சனைய எழுதாம இத முடிக்க முடியாது, எழுதுனா ரெண்டு பக்கமும் திட்டுவாங்க, பரவால்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல 30 கிலோமீட்டர் வாக்குலதான். கச்சத்தீவு இன்னும் கிட்ட. 1974லயும் 1976லயும் டெல்லியும் கொழும்பும் கோடு போட்டாங்க, அந்தக் கோட்டப் போடுறப்ப கடல்ல பொழைக்கிறவன யாரும் கூப்புட்டுக் கேக்கலங்கிறது நெசம். பிடிச்சிட்டுப் போறது, அடிக்கிறது, படகைத் திருப்பித் தராம மக்க விடுறது, இதெல்லாம் நடக்குறதும் நெசம், எங்க தெருவுலயே அப்படி படகை எழந்த வீடு இருக்கு. ஆனா நம்ம பக்கம் கடல்ல அடிமண்ணு வரைக்கும் சொரண்டி எடுத்ததுக்கு அப்புறம்தான் விசைப்படகு அந்தப் பக்கம் போச்சுங்கிறதும் நெசம். அங்க வலை அறுந்து நிக்கிறவனும் தமிழ் பேசுறவன்தான், யாழ்ப்பாணத்துலயும் மன்னார்லயும் சண்டை முடிஞ்சு இப்பத்தான் கடல்ல எறங்குறவன். இழுவை மடிய இலங்கை 2017ல சட்டம் போட்டு தடை பண்ணிருச்சு. அந்தக் கரையில இருக்குறவனோடயும் நாளப் பங்கு போட்டுருந்தா இந்த அளவுக்கு வந்துருக்காதுன்னு பாம்பன் பெரியவுக சொல்லுவாக, பங்கு போடுற பேச்சுவார்த்தையும் ரெண்டு மூணு தடவ நடந்துச்சு, ஒண்ணும் நெலைக்கல.

இனி சித்தி கதை. சின்னப்பாலத்துல வாக்கப்பட்டவுக, அம்மாவோட தங்கச்சி. சின்னப்பாலம் பாம்பனுக்குத் தெக்க இருக்குற ஊர், அங்க பொம்பளைக கடல்பாசி எடுக்கப் போவாக. ஆம்பளைக மீனுக்கு, பொம்பளைக பாசிக்கு. அமாவாசைய ஒட்டி ஆறு நாள், பௌர்ணமிய ஒட்டி ஆறு நாள், அப்பத்தான் கடல் நல்லா வத்தும், தீவைச் சுத்தி இருக்குற பாறை கிட்டத் தட்டுப்படும். மாசத்துல அந்த 12 நாள் தவிர கடல்ல எறங்குறதில்லன்னு அவுகளே கூடிப் பேசி முடிவு பண்ணதுதான், எந்த ஆபீஸரும் வந்து சொல்லிக் குடுத்தது இல்ல. கோடையில பாசி வெளையிற காலத்துல கொஞ்ச நாள் சுத்தமா விட்டுருவாக.

அவுக கெளம்புறதப் பாக்கணும். விடியக்காலையில சித்தி வாசப்படியில உக்காந்து பழைய சேலைய கிழிச்சு வச்ச துணிய ஒவ்வொரு வெரலுக்கும் தனித்தனியா சுத்துவாக, சுத்திட்டு நூலு முனைய பல்லால கடிச்சு இறுக்குவாக, இடது கைய வலது கையால கட்டிட்டு வலது கைய கட்டுறப்ப மட்டும் என்னையோ தங்கச்சியையோ கூப்புடுவாக. சேலைக்கு மேல சித்தப்பாவோட பழைய ஃபுல் கை சட்டை. கால்ல ரப்பர் செருப்பு, கழண்டு போகாம இருக்க கயிறு. கண்ணுக்குக் கண்ணாடி. இடுப்புல வலைப்பை. கழுத்தளவு தண்ணியில நின்னு, மூச்சப் புடிச்சு குனிஞ்சு பாறையில இருந்து மரிக்கொழுந்துப் பாசிய பிச்சு பைக்குள்ள போட்டு, மேல வந்து மூச்சு விட்டு, திரும்ப முங்கி, இப்படியே நாலஞ்சு மணி நேரம். பாறை கிழிக்கும், திருக்கை முள்ளு ஏறும், ஜெல்லி பட்டா ஒடம்பு முழுக்க தடிச்சுரும். கரையில கொண்டாந்து காய வச்சா பாதிக்கு மேல எடை போயிரும், வியாபாரி கல்லு மண்ணுன்னு இன்னும் கொஞ்சம் கழிப்பான். அதுல இருந்து எடுக்குற அகர்ங்கிற கெட்டிப் பசைதான் ஐஸ்கிரீம்ல, மருந்துல, லேப்ல எல்லாம் போகுது. கட்டக்கோரைன்னு இன்னொண்ணு, அதுக்கு சாயப்பட்டறை வரைக்கும் தேவை உண்டு.

1986ல இந்தத் தீவெல்லாம் கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள்ள வந்துருச்சு. பவளத்தக் காப்பாத்தணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா சித்தி அந்தத் தீவுல கால் வச்சா குத்தவாளி. பாசி எடுத்துட்டு வர்றப்ப புடிச்சு பைய வாங்கிக்கிட்டு அனுப்புன நாளெல்லாம் உண்டு, அன்னைக்கு வீட்டுக்கு வந்து வெரல் கட்ட அவுக்காமலே உக்காந்துருப்பாக. மாசத்துக்கு 12 நாளுக்கு மேல எடுக்க மாட்டோம்னு தானா ஒதுங்கிக்கிட்டவங்களையும், டன் கணக்குல அள்ளுறவங்களையும் ஒரே தராசுல வச்சா என்ன நியாயம்னு எனக்கு இன்னும் புரியல.

2000 வாக்குல இன்னொரு பாசி வந்துச்சு. குளிர்பானக் கம்பெனி கொண்டாந்ததால ஊர்ல அதுக்கு பெப்சி பாசின்னே பேர் ஆயிப் போச்சு, நெசப் பேர் கப்பாஃபைகஸ். மூங்கில்ல சதுரமா மிதவை கட்டி, கயித்துல துண்டு துண்டா கட்டி மெதக்க விட்டா 45 நாள்ல பல மடங்கு வளந்துரும். முங்க வேண்டாம், மூச்சுப் புடிக்க வேண்டாம், நல்ல வருமானம். நெறையப் பேரு போனாங்க, சித்தியும் கொஞ்ச காலம் போட்டாக. அப்புறம் அது மிதவையில இருந்து பிச்சுக்கிட்டுப் போயி குருசடைத் தீவு பக்கம் பவளத்து மேலயே படந்து மூடுனத ஆராய்ச்சிக்காரங்க எழுதுனாங்க. வாடை காலத்துல வடகடல்ல மிதவையும் நிக்காது, அடிச்சு நொறுக்கிரும். வெயில் ஏறுனா பாசி வெளுத்துப் போயிரும். இதுவும் பன்னெண்டு மாசம் ஓடாதுன்னு எங்க ஆளுகளுக்கு ஒரே வருசத்துல தெரிஞ்சு போச்சு, கடன் குடுத்தவனுக்குத்தான் தெரியல.

அப்பா ஊர்ப் பக்கம் வருவோம். அங்க கடல் தெரியாது, ஆனா காத்துல உப்பு தெரியும், கிணறு தோண்டுனா இன்னும் நல்லாத் தெரியும். வருச மழை 800 மில்லிமீட்டர் சொச்சம், அதுல பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிரும். நெலம் சப்பையா இருக்குறதால அணை கட்ட எடமில்ல, அதனால ஊருக்கு ஊர் கண்மாய். வைகை மதுரையத் தாண்டி, பரமக்குடியத் தாண்டி வந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயில முடியும், ஈசனுக்கு நஞ்சக் குடுத்த கடலுக்குள்ள போக மாட்டேன்னு அது ஒதுங்கிக்கிட்டதா பழம்பாட்டே இருக்கு. பாட்டு நல்லாருக்கு, ஆனா மேல இருக்குறவங்க தண்ணி விட்டாத்தான கண்மாய்க்கே வரும், கடல் வரைக்கும் எதுக்குப் போகணும்.

கண்மாய்ல தண்ணி இருந்தா அதுக்கும் முறை உண்டு. நீர்பாய்ச்சின்னு ஒருத்தர் இருப்பாரு, எந்த மடையத் தொறக்கணும், யார் வயலுக்கு எத்தன நேரம்னு அவருதான் முடிவு. நெலத்துக்காரங்க தாங்களா போயி வாய்க்கால வெட்டக் கூடாது, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி. இப்ப பாதி ஊர்ல அந்த வேலைக்கு ஆள் இல்ல.

நெல்லு வெதைக்கிறது பாத்தா வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. ஆவணி, புரட்டாசியில, மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லாதப்ப, காஞ்ச புழுதியில வெதைச்சுட்டு வந்துருவோம். நாத்தங்கால் விட்டு நடவு நடுறதுக்கெல்லாம் இங்க தண்ணியும் இல்ல, நேரமும் இல்ல. வெத மண்ணுக்குள்ள கெடக்கும், மழை வந்தா மொளைக்கும், சாஸ்திரத்துக்கு ஒரு மழை பேஞ்சு நின்னுருச்சுன்னா மொளைச்சு கருகும், அப்ப திரும்ப வெதைக்கணும். தையில அறுப்பு. மிளகாய் அறுவடை மாசியில தொடங்கி சித்திரை வரைக்கும் இழுக்கும். எங்க மிளகாய் நீட்டமா இருக்காது, உருண்டையா, தோல் தடிச்சு இருக்கும், காஞ்சதுக்கு அப்புறம் காதுகிட்ட வச்சு குலுக்குனா உள்ள வெத கலகலன்னு சத்தம் கேக்கும். சத்தம் கேக்கலைன்னா இன்னும் காயலன்னு அர்த்தம், மூட்டை கட்டுனா பூஞ்சை புடிச்சிரும். அப்பத்தா கண்ண மூடிக்கிட்டு சத்தத்த வச்சே சரக்கப் பிரிச்சுருவாக. 2023ல இதுக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாய்னு புவிசார் குறியீடு கெடைச்சுச்சு. சந்தோஷம்தான். பரமக்குடி சந்தையில மூட்டைய எறக்குறப்ப வியாபாரி அந்தக் குறியீட்டக் கேக்குறதில்ல, ஈரம் எவ்வளவுன்னுதான் கேக்குறான்.

மழை ரெண்டு வருசம் சேந்தாப்புல பொய்ச்சா? அப்பத்தான் சீமைக்கருவேல். இத விறகுக்குன்னு அரசாங்கமே கொண்டாந்து பரப்புனது, இப்ப கண்மாய், காடு, கோயில் நெலம் எல்லாத்தையும் புடிச்சுருச்சு. தண்ணிய உறிஞ்சுது, வெட்டணும்னு 2017ல ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவெல்லாம் போட்டுச்சு, ஊரே ஜேசிபியோட எறங்குச்சு, டிவியில எல்லாம் காட்டுனாங்க. அதுல யாரும் பேசாத ஒரு விசயம், வெள்ளாமை இல்லாத வருசத்துல எங்க ஊர் அடுப்பு எரிஞ்சது அந்த மரத்தாலதான். நெலத்த சும்மா விட்டா நாலஞ்சு வருசத்துல அதுவா மண்டிரும், வெட்டிக்கிறதுக்கு ஏலம் விட்டா கையில காசு. வெட்டுன கட்டைய அடுக்கி, மேல வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ள தீ வச்சு மூட்டம் போட்டா பல நாள் பொகஞ்சு கரியாகும், ராத்திரியெல்லாம் யாராவது காவல் இருக்கணும், மேல மண்ணு விரிசல் விட்டுருச்சுன்னா மொத்தமும் சாம்பல். ஹோட்டல் தந்தூரி அடுப்புல எரியுறதுல நெறைய எங்க பக்கத்துக் கரிதான். அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்கல, கண்மாய்க்குள்ள இருக்குறத வேரோட புடுங்கணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா வெட்டுங்கன்னு சொல்றவங்க வறட்சி வருசத்துக்கு மாத்தா என்னன்னும் சொல்லணும்ல.

பனை பத்தி தனியாவே எழுதணும். சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் பதனி, கருப்பட்டி. காலையில ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ ஏறி பாளை சீவணும், ஒரு நாள் விட்டா மரம் மூடிக்கும். ஆடிக்கு மேல அந்தக் குடும்பங்கள்ல பாதிப் பேரு உப்பளத்துக்கோ மூட்டத்துக்கோ போயிருவாங்க. வாலிநோக்கத்துல 1974ல இருந்து அரசாங்க உப்பு நிறுவனம் இருக்கு, உப்பூர், திருப்பாலைக்குடி பக்கம் தனியார் பாத்தி. மழை வந்தா உப்பு நின்னுரும், அப்ப வயல்ல வேலை இருக்கும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கும் முத்தும் கப்பலுமா இருந்த ஊர்க, இப்ப துபாயும் சவூதியும். வீடு பொம்பளப் புள்ளைக்குத்தான், மாப்ள அங்க வந்து இருப்பாக, ஆம்பளைக பெரும்பாலும் சபுர்ல, அதாவது வெளிநாட்டுல. அண்ணன் லீவுல வந்தா தம்பி கெளம்புவான், கல்யாணம், கத்னா எல்லாம் அந்த லீவ வச்சுத்தான் தேதி குறிக்கிறது. வர்றப்ப எனக்குக் கெடைக்கிறது ஒரு துண்டு தொதல்ங்கிற இனிப்பு, அதுக்காகவே அந்த ஊர்ல ரெண்டு நண்பர்கள விடாம வச்சிருக்கேன்.

எல்லாத்துக்கும் அடியில இருக்குறது தண்ணி. தனுஷ்கோடியில கடலுக்கு சில அடி தள்ளி மணல்ல பள்ளம் தோண்டுனா நல்ல தண்ணி ஊறும், ருசியான தண்ணி. தங்கச்சிமடத்துல வில்லூண்டி தீர்த்தம்னு கடலுக்குள்ளயே ஒரு கிணறு, சுத்தி உப்புத் தண்ணி, உள்ள இனிப்பு. ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தமும் கடல்கிட்ட இருக்குற கிணறுகதான். சாமி மகிமைன்னு சொல்றவங்க சொல்லட்டும், காரணம் ரொம்ப எளிசு. மழைத்தண்ணி மணலுக்குள்ள எறங்குது, அது உப்புத்தண்ணிய விட லேசு, அதனால கலக்காம மேல மெதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, அதத் தாங்க கீழ 40 அடி வாக்குல நல்ல தண்ணி இருக்கும். மேல ஒரு அடி எறங்குச்சுன்னா கீழ இருந்து உப்பு 40 அடி ஏறிரும்னு அர்த்தம். அதனாலதான் அம்மா ஊர்ல ஊத்துல தண்ணி எடுக்குறப்ப சிரட்டையால மெதுவா கோருவாக, ஒரு குடம் ஆனதும் விட்டுட்டு அடுத்த ஆளுக்கு எடம் விடணும், ஊறுனதுக்கு அப்புறம்தான் அடுத்த குடம். அவசரப்பட்டு இறைச்சா சப்புன்னு ஆயிரும், அப்புறம் உப்பு. இப்ப தீவுல லாட்ஜுக்கு லாட்ஜ் போர்வெல்லு, மோட்டார் போட்டா நிறுத்துறதே இல்ல, வருசம் முழுக்க யாத்திரைக்காரங்க, ரூமுக்கு ரூம் ஷவர். பல தெருவுல கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாது. 2009 வாக்குல காவிரித் தண்ணி திருச்சிப் பக்கத்துல இருந்து குழாய்ல வந்துச்சு, அது பெரிய விசயம், மறுக்கல. இன்னமும் குழாய்க்கு ஒரு நாள், வராததுக்கு பல நாள்னு தள்ளுவண்டியில பத்துக் குடத்த அடுக்கிக்கிட்டு போற பொம்பளைகள எந்த ஊர்லயும் பாக்கலாம்.

இந்த முறையெல்லாம் ஏன் ஒடையுதுன்னு கேட்டா, நெறையப் பேரு பேராசைன்னு சொல்லுவாங்க. எனக்கு அது பாதிதான் சரின்னு படுது. முக்கியமான காரணம் தவணை. எங்க வருமானம் எல்லாம் நாலு மாசம் இது, மூணு மாசம் அது, மாசத்துல 12 நாள் இன்னொண்ணு. ஆனா எஞ்சின் கடன், ஸ்கூல் ஃபீஸ், வண்டி டியூ எல்லாம் அஞ்சாந்தேதி ஆனா வந்து நிக்கும், மகளிர் குழு லோனுக்கு வாரா வாரம் வீட்டு வாசல்ல உக்காந்துருவாங்க. வாடையில கடல் கட்டிக் கெடக்குன்னு அந்த வசூல் பையன்கிட்ட சொல்லிப் பாருங்க. விசைப்படகு வச்சிருக்குறவன் டீசலும் போட்டு, ஆளுக்கு பங்கும் குடுத்து, வட்டியும் கட்டணும்னா கோட்டத் தாண்டாம இருக்க முடியாது. முன்னாடி யாவாரிகிட்ட அட்வான்ஸ் வாங்குன காலத்துல அவன் மீன் வெலையில அடிச்சான், அதுவும் கொடுமைதான், ஆனா மீன் இல்லாத மாசத்துல காத்திருந்தான், அவனுக்கும் காத்து தெரியும்.

அரசாங்கம் குடுக்குறதும் இதே கணக்குதான். தடைக்காலத்துக்கு மீனவர் குடும்பத்துக்கு இப்ப 8,000 ரூபாய். நல்லது. பாசி எடுக்குறவுக எடுக்காம விடுற மாசத்துக்கு? பனை ஏறுறவனுக்கு ஆடிக்கு மேல? மிளகாய் காஞ்சு உப்பளத்துக்குப் போற பொம்பளை விவசாயியா, தொழிலாளியா? எதாவது ஒரு அட்டையில ஒரு பேருதான் இருக்கும்.

இப்ப தொண்டிக்குப் பக்கத்துல வளமாவூர்ல பெரிய கடல்பாசிப் பூங்கா வருது, 127 கோடி ரூபாய்க்கு மேல, 2023 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டுனாங்க. விதைப்பாசி வளக்குற எடம், ஆராய்ச்சிக்கூடம், பொம்பளைகளுக்கு வேலைன்னு எல்லாம் சொல்றாங்க. நல்லபடியா வந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம், முங்காம நாலு காசு வர்றத யாரு வேண்டாங்கப் போறா. போன தடவ ஊருக்குப் போனப்ப சித்திகிட்ட அத எடுத்துச் சொன்னேன், போன்ல படமெல்லாம் காட்டுனேன். நல்லா உத்துப் பாத்துட்டு, "அது வடகடல்ல தானய்யா வருது, வாடைக்கு என்ன பண்ணுவாகளாம்?"னு கேட்டாக. எனக்கும் தெரியல, தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அவுககிட்ட நான் சொல்லிடுறேன்.